கை நிற்கும் இடத்தை எண்ணுங்கள்

கேள்வி: 22 ஆண்டுகளாக நீர்வண்ண ஓவியம் வரைந்து வருகிறேன். இப்போது குழந்தைகள் புத்தகங்களுக்கு டிஜிட்டல் முறையில் வரைந்து தரும்படி கேட்கிறார்கள். என்னிடம் 16 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் மடிக்கணினியும், திரை இல்லாத சிறிய டேப்லெட்டும் பேனாவும் இருக்கின்றன. போட்டோஷாப், கிளிப் ஸ்டூடியோ பெயின்ட், கிருதா, பெயின்டர், ரெபெல், ப்ரோகிரியேட், கிம்ப் ஆகிய ஏழு மென்பொருள்களையும் எடுத்துக்கொண்டு 31 அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரித்தேன். கடைசியில் போட்டோஷாப்பும் கிளிப் ஸ்டூடியோவும் சமமாக வந்து நிற்கின்றன. இரண்டில் எது சிறந்தது? கூடவே ஒரு சிறு சந்தேகம்: டிஜிட்டல் ஓவியர்கள் மாட்டிக்கொள்ளும் இரண்டு விரல் கையுறை அவசியமா?

பதில்:

அன்புள்ள ஓவியருக்கு,

உங்கள் அட்டவணையை முழுவதும் படித்தேன். இவ்வளவு சிரத்தையாக இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை. ஆனாலும் அதை மூடி வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். கோபிக்க வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படி ஒன்றைப் போட்டேன். அதில் முதலிடம் பெற்ற மென்பொருளை வாங்கினேன். அதில் நான்கு படங்களைக்கூட நான் முடிக்கவில்லை.

‘தூரிகைகளின் எண்ணிக்கை’ என்ற வரிசைக்கு 10 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் தூரிகைகளில் தினமும் ஈரமாகிறவை எத்தனை? கடந்த ஓராண்டில் நான் செய்த வேலை முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். ஐந்து தூரிகைகளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அனிமேஷன், முப்பரிமாணப் பொம்மை, எழுத்துக் கருவி ஆகிய வரிசைகளும் உங்களுக்கு வேண்டாதவை. குழந்தைகள் புத்தகத்தில் எழுத்தைக் கோப்பது பெரும்பாலும் பக்க வடிவமைப்பாளரின் வேலை. நாளை படக்கதை வரையப் போனீர்களானால் மட்டும் எழுத்துக் கருவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். ‘கொக்கு’, ‘கௌரவம்’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது.

வேண்டாததை நீக்கினால் உங்களுக்கு மிஞ்சுவது லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் போன்ற படலம்), நிறத்தின் மேல் நிறத்தைப் படியவைக்கும் மல்டிப்ளை, தேர்வுக் கருவி, ஏற்கெனவே பூசிய பகுதிக்கு வெளியே வண்ணம் போகாமல் பூட்டும் வசதி ஆகியவைதான். ஏழு மென்பொருள்களிலும் இவை இருக்கின்றன. உங்கள் அட்டவணையிலும் அந்த வரிசைகளில் எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். ஆக, நீங்கள் அன்றாடம் தொடப்போகிற இடங்களில் அட்டவணை வித்தியாசம் எதையும் காட்டவில்லை. தொடவே போகாத இடங்களில்தான் காட்டியிருக்கிறது.

மல்டிப்ளை உங்களுக்கு உயிர்நாடி என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழே இருக்கும் நிறத்தையும் மேலே பூசும் நிறத்தையும் 0 முதல் 1 வரையான எண்களாக எடுத்துக்கொண்டு பெருக்குவதுதான் அது. வெள்ளை 1. அதன் மேல் எதைப் பூசினாலும் பூசிய நிறமே தெரியும். அரையின் மேல் அரையைப் பூசினால் கால். பூசப் பூச அடர்த்தி கூடுமே தவிர வெளுக்காது. காய்ந்த நீர்வண்ணத்தின் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு விழும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. உங்களுக்குப் பழகிய காகிதத்தின் சொரசொரப்பை ஸ்கேன் செய்து அடி லேயரில் வைத்து, அதன் மேல் மல்டிப்ளையில் வரையுங்கள். உங்கள் கைவேலையில் பாதி எந்த மென்பொருளிலும் வந்துவிடும்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்வது? நீங்கள் முன்பே காகிதத்தில் வரைந்து முடித்த படம் ஒன்றை எடுங்கள். அதே படத்தை, அச்சுக்குப் போகும் அதே அளவில், ஒரே மென்பொருளில் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி வரையுங்கள். பிறகு இரண்டாவது மென்பொருளில் வரையுங்கள். புதுப் படம் வேண்டாம். புதுப் படம் என்றால் அந்தப் படம் தரும் சிக்கல் எது, மென்பொருள் தரும் சிக்கல் எது என்று பிரித்தறிய முடியாது. பழைய படத்தில் நிழல் எங்கே விழும், முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் கைக்கு ஏற்கெனவே தெரியும். எனவே கை தடுமாறினால் காரணம் கருவிதான்.

பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். வரையும்போது எப்போதெல்லாம் கண் படத்தை விட்டு மெனுவைத் தேடிப் போகிறதோ அப்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். முதல் இரண்டு நாள் கணக்கைத் தூக்கி எறிந்துவிடலாம். அது உங்கள் அறியாமையின் கணக்கு, தானாகவே குறையும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் குறையாத கோடுகள் மென்பொருளின் கணக்கு. என் மாணவர்களில் பலர் மதிப்புரைகள் எல்லாம் சிலாகித்த மென்பொருளில் நாற்பது கோடும், தாங்கள் ஏளனமாகப் பார்த்ததில் பன்னிரண்டு கோடும் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். நேர்மாறாகவும் நடக்கும். கைக்குக் கை மாறுகிற கணக்கு என்பதால்தான் என் விடையை உங்களுக்குக் கடனாகக் கொடுக்க முடியவில்லை.

எந்த இடங்களில் கை நிற்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, அழிப்பது. கிருதாவில் ‘ஈ’ விசையைத் தட்டினால் கையில் இருக்கும் தூரிகையே அதே அளவோடும் அதே ஓரத்தோடும் அழிப்பானாக மாறிவிடும். கிளிப் ஸ்டூடியோவில் நிறத்துக்குப் பதிலாக ‘ஒளிபுகும் நிறம்’ என்பதைத் தேர்ந்தால் அதே பலன். போட்டோஷாப்பில் அழிப்பான் தனிக் கருவி, அதற்குத் தனித் தூரிகை, தனி அளவு. சில ஆண்டுகளாக ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி இருந்தால் இருக்கும் தூரிகையாலேயே அழிக்க முடிகிறது என்றாலும், அழிப்பான் இன்னமும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணையில் மூன்றுக்கும் ‘அழிப்பான்: உண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேகத்தின் ஓரத்தை மென்மையான தூரிகையால் பூசி, அதே மென்மையால் கொஞ்சம் எடுத்து, மறுபடி பூசுகிற கைக்கு ‘உண்டு’க்கும் ‘உண்டு’க்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். படத்திலிருந்து நிறத்தைத் தொட்டு எடுப்பது, தூரிகையின் அளவை மாற்றுவது, கேன்வாஸைத் திருப்புவது, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றுவது ஆகிய நான்கையும் இதே கண்ணோடு பாருங்கள். இவை ஒரு மணி நேரத்தில் நூறு முறை நடக்கிற காரியங்கள். அனிமேஷன் வசதி வருடத்துக்கு ஒருமுறை.

சோதனையைத் தொடங்குவதற்கு முன் டேப்லெட்டைச் சரிபார்த்துவிடுங்கள். அதன் குற்றத்தை மென்பொருளின் தலையில் போடுவது இந்தத் துறையில் தினசரி நடக்கும் அநியாயம். ஒரு நாணயத்தை டேப்லெட்டின் மேல் வைத்துச் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டம் முட்டையாகத் தெரிந்தால் டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போகவில்லை. டேப்லெட்டின் அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் வசதி இருக்கும். அடுத்து, ஓர் அளவுகோலை ஒட்டிச் சாய்கோடு ஒன்றை மிக மெதுவாக இழுங்கள். கோடு அலைஅலையாக வந்தால் அதுவும் டேப்லெட்டின் குறைதான். மூன்றாவது, அழுத்தம். விண்டோஸில் பேனாவின் அழுத்தம் மென்பொருளுக்குப் போய்ச் சேர வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழிகள் உண்டு. டேப்லெட் ஒரு வழியிலும் மென்பொருள் இன்னொரு வழியிலும் காத்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வரும். ‘இந்த மென்பொருளில் அழுத்தமே வேலை செய்யவில்லை’ என்று கைகழுவியவர்களில் எத்தனை பேர் அந்த ஓர் அமைப்பை மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

அழுத்த அளவுகள் 8192 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2048க்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை என் கை இதுவரை உணர்ந்ததில்லை. பேனா மிக மெல்லத் தொடும்போதே கோடு விழத் தொடங்குகிறதா என்பதுதான் உங்களைப் போன்ற நீர்வண்ணக் கைக்கு முக்கியம். அழுத்தத்துக்கும் தடிமனுக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாகக் காட்டி, அதை இழுத்து மாற்றிக்கொள்ளும் இடம் மென்பொருளில் இருக்கும். முதல் நாளே அதைக் கண்டுபிடித்து உங்கள் கைக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் நடுக்கத்தைச் சீர்செய்யும் ஸ்டெபிலைசரை முதலில் நிறுத்தி வையுங்கள். அது கோட்டை அழகாக்கும், ஆனால் கோடு கையின் பின்னால் தாமதமாக வரும். தாமதம் கணினியுடையதா, ஸ்டெபிலைசருடையதா என்று தெரியாமல் மதிப்பிடக் கூடாது.

இனி நிறத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கும் இடம் இது.

நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை வரும் என்பது 22 ஆண்டுகளாக உங்கள் விரலில் ஊறிய அறிவு. திரையில் தூய நீலத்தின் மதிப்பு (0, 0, 255). தூய மஞ்சளின் மதிப்பு (255, 255, 0). பெரும்பாலான மென்பொருள்கள் கலப்பது என்ற பெயரில் இந்த எண்களின் சராசரியைத்தான் எடுக்கின்றன. விடை ஏறக்குறைய (128, 128, 128). நல்ல சாம்பல்! இலையை வரையப் போய்ச் சிமெண்டில் வந்து நிற்பீர்கள். உண்மையான நிறமி செயல்படும் விதம் வேறு. நிறமித் துகள் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மறுபகுதியைச் சிதறடிக்கிறது. அதைக் கணக்கிடும் வழியைக் குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931லேயே எழுதிவிட்டார்கள். ரெபெலின் ப்ரோ பதிப்பில் நிறமிக் கலவை அந்தக் கணக்கைத் தழுவித்தான் நடக்கிறது. அதில் நீலமும் மஞ்சளும் பச்சை தருகின்றன. உங்கள் பட்டியலில் இல்லாத ஆர்ட்ரேஜிலும் இதுபோன்ற உண்மை நிறக் கலவை உண்டு. சோதிப்பது எளிது. எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதல் காரியமாக நீலத்தின் மேல் மஞ்சளை இழுத்துத் தேய்த்துப் பாருங்கள்.

ரெபெலில் ஈரமும் ஓடும். நீர் சாய்ந்த பக்கம் வழியும், ஓரத்தில் அடர்ந்து காயும். நீர்வண்ண ஓவியர்கள் அதைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்துவிட்டதாக நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு மனம் மாறியது. நீரின் ஓட்டத்தைக் கணக்கிடுவது கணினிக்குப் பெரும் சுமை, பெரிய கேன்வாஸில் பெரிய தூரிகை நகர மறுக்கும். அதைவிட, நம் வேலையில் நீர் தந்த தற்செயலுக்கு ஒரு மதிப்பு இருந்தது. திரும்பப் பெற முடியாது என்ற பயத்தோடு அது வந்ததால் கிடைத்த மதிப்பு. ‘செயல்தவிர்’ விசை பக்கத்திலேயே இருக்கும்போது அந்தத் தற்செயலைப் பிடிக்கும்வரை பத்து முறை திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். வானம், தண்ணீர் போன்ற பின்னணிகளுக்கு அதைத் துணைக் கருவியாக வைத்துக்கொள்ளலாம். முழுப் புத்தகத்தையும் அதில் வரைவது உங்கள் மடிக்கணினிக்கும் உங்கள் கெடுவுக்கும் ஆகாது என்பது என் கருத்து. பெயின்டர் 1991லிருந்து இயற்கை வண்ணங்களைப் போலச் செய்து வரும் மூத்த மென்பொருள். அதன் முதல் பதிப்பு உண்மையான பெயின்ட் டப்பாவுக்குள் வைத்து விற்கப்பட்டது. அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் தூரிகை அறை ஒரு காடு. முதல் டிஜிட்டல் புத்தகத்துக்கு அதற்குள் நுழைய வேண்டாம்.

சுமை என்றதும் நினைவகம். மதிப்புரைக் காணொளிகளில் தூரிகை வெண்ணெய்போல வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கேன்வாஸின் அளவு என்ன என்று அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஏ4 பக்கம் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 2480 × 3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால், முழுக்கப் பூசிய ஒரு லேயருக்கு ஏறக்குறைய 35 எம்பி. குழந்தைகள் புத்தகத்தில் நீங்கள் வரையப்போவது பெரும்பாலும் இரண்டு பக்கங்கள் சேர்ந்த விரிபக்கம். அப்போது லேயருக்கு 70 எம்பி. 30 லேயர் போட்டால் 2 ஜிபியைத் தாண்டும். செயல்தவிர்ப்பதற்காக மென்பொருள் சேமித்து வைக்கும் பழைய நிலைகள் அதற்கு மேல். நிறத்தின் நுணுக்கத்தைக் கூட்ட 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குப் போனால் எல்லாம் இரட்டிப்பு. 16 ஜிபியில் இது நடக்கும், ஆனால் தாராளமாக நடக்காது. ஆகவே சோதனைப் படத்தை விரிபக்க அளவில், வெட்டுவதற்கான 3 மில்லிமீட்டர் ஓரத்தையும் சேர்த்தே தொடங்குங்கள். சின்ன கேன்வாஸில் எல்லா மென்பொருளும் நல்ல பிள்ளைதான்.

வெளியே வரும் வழியையும் உள்ளே போகும்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு காலத்தில் நான் ஒரு சிறிய நிறுவனத்தின் மென்பொருளில் மூன்று ஆண்டுகள் வரைந்தேன். கோப்புகளையெல்லாம் அதன் சொந்த வடிவத்திலேயே சேமித்தேன். நிறுவனம் அதைக் கைவிட்டது. புதிய கணினியில் அது திறக்கவில்லை. ஒரு பதிப்பாளர் பழைய படம் ஒன்றில் குழந்தையின் சட்டை நிறத்தை மட்டும் மாற்றித் தரக் கேட்டபோது, லேயர் ஏதும் இல்லாத தட்டைப் படத்தில் ஓர் இரவு முழுவதும் சட்டையைத் தேடிப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புது மென்பொருள் எதுவானாலும், லேயர்களோடு பிஎஸ்டி (போட்டோஷாப்பின் கோப்பு வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து, என்னென்ன உடைந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஏதாவது கட்டாயம் உடையும். லேயரின் ஒரு பகுதியை மறைத்து வைக்கும் மாஸ்க், எழுத்து, கோடுகளைத் திருத்தக்கூடிய வெக்டர் லேயர் ஆகியவை முதலில் போகும். உங்களுக்கு முக்கியமான மல்டிப்ளை பிழைக்கிறதா என்று பாருங்கள். சோதனைப் பதிப்பில் சேமிக்கவே முடியுமா என்பதையும் முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அச்சு பற்றி ஒரு வார்த்தை. திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் நான்கு மை அச்சில் மங்கும். அச்சில் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி போட்டோஷாப், கிருதா, கிளிப் ஸ்டூடியோ மூன்றிலும் இருக்கிறது. அச்சின் நிறங்களை மென்பொருளுக்குச் சொல்லும் நிற விவரக்கோப்புகளில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று பதிப்பகத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்காமல் நீங்களாக மை நிறத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டாம்.

இப்போது உங்கள் ஏழு பேர். ப்ரோகிரியேட் ஐபேடில் மட்டும்தான் ஓடும். உங்களிடம் ஐபேட் இல்லை. அதற்கு எப்படி 24 மதிப்பெண் விழுந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கிம்ப் படங்களைத் திருத்துவதற்குக் கெட்டி, நாளெல்லாம் வரைவதற்கு என் கை அதில் ஒப்பவில்லை. கிருதாவுக்கு ‘இலவசம், ஆகவே தொழில்முறைக்கு உகந்ததல்ல’ என்று குறிப்பெழுதி நான்கு மதிப்பெண் வெட்டியிருக்கிறீர்கள். அந்த நான்கையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1999ல் பொதுவான படத்திருத்தியாகத் தொடங்கி, 2009 வாக்கில் ஓவியர்களுக்கென்றே திசை மாறிய திறமூல மென்பொருள் அது. விலை இல்லாதது அதன் உரிமத்தின் தன்மை, தரத்தின் அளவு அல்ல. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2011ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரின் வசந்தத்தை ஐபேடில் வரிசையாக வரைந்தபோது அவர் கையில் இருந்தது ‘பிரஷஸ்’ என்ற எளிய செயலி. உங்கள் 31 வரிசைகளில் அது தேறியிருக்காது.

போட்டோஷாப் 2013 முதல் சந்தா முறையில்தான் புதிய பதிப்புகளைத் தருகிறது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். வரைந்து முடித்த பிறகு நிறங்களைச் சரிசெய்வதில் அதற்கு இணை எதையும் நான் பார்க்கவில்லை. வரைவதற்கு அது வேண்டுமா என்றால், உங்கள் நிலையில் வேண்டாம் என்பேன். பதிப்பகம் அதன் திருத்த லேயர்களோடு (கீழே உள்ள படத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றுபவை) கோப்பு கேட்டால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். கிளிப் ஸ்டூடியோவின் பலம் கோடு. வரைந்த கோட்டைப் பிறகு வளைக்கலாம், தடிமனை மாற்றலாம், இரண்டு கோடுகள் வெட்டும் இடம்வரை மட்டும் அழிக்கலாம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் இரண்டில் மைக்கோடே இல்லை, எல்லாம் பூச்சுதான். எனவே அந்தப் பலம் உங்களுக்குப் பாதிதான் பயன்படும். புத்தகத்தில் கோட்டோவியம் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். கேட்டால் கணக்கு மாறும்.

ஆகவே முதல் பத்து நாள் கிருதாவில் ஒரு விரிபக்கம், அடுத்த பத்து நாள் அதே விரிபக்கம் கிளிப் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில். கிருதாவின் விசைகளைப் போட்டோஷாப் வழக்கத்துக்கு மாற்றும் வசதி உண்டு. நீங்கள் புதிதாகத் தொடங்குவதால் அதைத் தொடாமல் அதன் சொந்த விசைகளையே பழகுங்கள். மூன்றாம் நாளிலிருந்து துண்டுத்தாளில் போட்ட கோடுகளை எண்ணி, குறைவாக வந்ததை வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக வந்தால், எதன் பிஎஸ்டி கோப்பு குறைவாக உடைந்ததோ அது.

கையுறை: திரையின் மேலேயே வரைகிறவர்களுக்கு உள்ளங்கை வியர்வை கண்ணாடியில் இழுபடும், அதற்காக வந்தது அது. உங்கள் டேப்லெட் திரையில்லாதது, பெரும்பாலும் தேவைப்படாது. கை ஒட்டுவதாகத் தோன்றினால் பழைய பருத்திக் கையுறை ஒன்றை எடுத்துப் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் உறைகளையும் கத்தரித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் கடையில் விற்கும் அந்த இரண்டு விரல் கையுறை.